நாற்பத்தெட்டு வயதில் ஒரு கமரா

வரலாற்றுப் பாடத்திலே கோல்புறூக்–கமறன் சீர்திருத்தம் என்னும் தொடரை மனனஞ் செய்யாத மாணவர் நம் நாட்டில் இலர். 1833ஆம் ஆண்டு என்றும், இராசகாரிய முறை ஒழிந்தது என்றும், சட்டநிரூபண சபை தோன்றியது என்றும், நீதிமுறை ஒன்றாக்கப்பட்டது என்றும் ஒப்புவித்துப் புள்ளி பெற்றவர்களுள் நானும் ஒருவன். பின்னர் ஆசிரியனாகி, அதே தொடரை முப்பது ஆண்டுகள் பிறருக்கு ஓதினேன். ஆயினும் அந்தக் கமறன் துரைக்கு ஒரு மனைவியார் இருந்தார் என்பதையும், அவர் உலகம் போற்றும் புகைப்படக் கலைஞர் என்பதையும் நான் அறியேன். அவ்விருவரும் நான் பிறந்து வளர்ந்த மலைநாட்டிலே, பொகவந்தலாவையில், ஒரு சிறிய தேவாலயத்தின் முற்றத்தில் அடக்கஞ் செய்யப்பட்டிருக்கிறார்கள் என்பதையும் அறியேன். அந்த வழியே பேருந்திலே எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஒருமுறையேனும் இறங்கிப் பார்த்தேனில்லை.

அப்பெருமாட்டியின் பெயர் ஜூலியா மார்கரட் கமறன். அவருடைய வரலாற்றை இங்கே எழுத முற்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலிற் கூறிவிடுவது நேர்மையாகும்.

ஆசிரிய பயிற்சியை முடித்து முதற் சம்பளம் பெற்ற காலத்தில், பழைய பெட்டிக் கமரா ஒன்றை நான் விலைக்கு வாங்கினேன். முதற் சுருளிலே எட்டுப் படங்கள். அவற்றுள் ஒன்று என் தாயாருடையது. கொழுந்து நிறுத்துவிட்டு மாலையில் லயத்துக்குத் திரும்பிய அம்மாவை, வாசலிலே நிறுத்தி எடுத்தேன். வெளிச்சம் குறைந்த வேளை. அம்மாவும் ஏதோ கேட்கத் தலையைத் திருப்பிவிட்டார். படம் கலங்கிப் போயிற்று. கழுவிக் கொடுத்த கடைக்காரர் அந்தப் படத்தை விரலால் ஒதுக்கிவைத்து, இதற்குப் பணம் வேண்டாம் என்றார். நான் வெட்கமுற்று அதை ஒரு புத்தகத்துள் மறைத்தேன். கமராவையும் சில மாதங்களிற் கைவிட்டேன். இரண்டாண்டுகளில் அம்மா காலமானார். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட இலட்சக்கணக்கானோருள் அவரும் ஒருவர். ஆகையால் அடையாள அட்டைக்கென எடுத்த படமும் அவருக்கு இல்லை. அந்தக் கலங்கிய படம் ஒன்றே மிச்சம்.

ஓய்வு பெற்ற பின்னர் மீண்டும் கமராவைக் கையில் எடுத்தேன். இந்த வயதில் இது வேண்டுமா என்று வீட்டாரும், நானுமே, ஐயுற்ற வேளையிலேதான் கமறன் அம்மையாரின் வரலாறு என் கைக்கு வந்தது.

கல்கத்தாவிலிருந்து தொடங்கிய பாதை

ஜூலியா 1815ஆம் ஆண்டு யூன் மாதம் 11ஆம் நாள் கல்கத்தாவிலே பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் பாட்டில், கிழக்கிந்தியக் கம்பனியின் உயர் அதிகாரி. தாயார் பிரெஞ்சுக் குடிவழியினர். அழகுக்குப் பெயர் போன சகோதரிகள் நடுவே, அழகி என்று எவரும் சொல்லாத பெண்ணாக இவர் வளர்ந்தார். ஆயின் பேச்சிலும் துணிவிலும் ஈகையிலும் அவரை மிஞ்சியவர் அக்குடும்பத்தில் இல்லை. இளமையிற் பெரும்பகுதியைப் பிரான்சிலே பாட்டியாருடன் கழித்துக் கல்வி பெற்றார்.

1836இல், உடல்நலந் தேறும்பொருட்டு நன்னம்பிக்கை முனைக்குச் சென்றபோது, அவருடைய வாழ்வைத் திசைதிருப்பிய இருவரைச் சந்தித்தார். ஒருவர் சார்ல்ஸ் ஹே கமறன், சட்ட அறிஞர், இலங்கை ஆணைக்குழுவில் நீதித்துறை பற்றிய அறிக்கையை வரைந்தவர். ஜூலியாவிலும் இருபது வயது மூத்த அவரை 1838இல் கல்கத்தாவிலே மணந்தார். மற்றவர் சேர் ஜோன் ஹெர்ஷல் என்னும் வானியலறிஞர். தென்வானத்து விண்மீன்களை வரையறுக்க அங்கே தொலைநோக்கியுடன் தங்கியிருந்தவர். புகைப்படக் கலையின் பிறப்பிலே ஹெர்ஷலின் பங்கு பெரிது. ஒளிபட்டு உருவான படம் மேலும் கறுத்து அழியாதவாறு நிலைநிறுத்தும் உப்பின் தன்மையைக் கண்டறிந்தவர் அவரே. 1842இல், இந்தப் புதிய கலையின் மாதிரிகள் சிலவற்றை அவர் கல்கத்தாவுக்கு அனுப்பிவைத்தார். அவற்றைக் கண்டு வியந்த ஜூலியா தம் கையாற் படமெடுக்க மேலும் இருபத்தொரு ஆண்டுகள் சென்றன.

இடையிலே வாழ்க்கை நிறைந்திருந்தது. ஒரு மகளும் ஐந்து புதல்வர்களும் பிறந்தனர். ஆதரவற்ற பிள்ளைகள் சிலரையும் எடுத்து வளர்த்தார். கணவர் இந்தியச் சட்டப் பணிகளில் உயர்ந்த பதவி வகித்து 1848இல் ஓய்வு பெற, குடும்பம் இங்கிலாந்து சென்றது. 1860இல் வைட் தீவிலுள்ள பிறெஷ்வாட்டர் என்னும் கடலோரக் கிராமத்தில், கவிஞர் தெனிசனுக்கு அயலிலே வீடு வாங்கினார்கள். அந்த வீட்டுக்கு அவர்கள் சூட்டிய பெயர் ‘டிம்போலா’. அது நம் டிம்புள்ளைப் பள்ளத்தாக்கின் பெயரே அன்றி வேறன்று. அங்கே கமறன் துரைக்குக் கோப்பித் தோட்டம் இருந்தது. ஆங்கிலேயக் கடற்கரையில் நின்ற அந்த வீட்டின் செலவுக்கு நம் மலைகளின் மண்ணும், அம்மண்ணிலே கோப்பி பறித்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்புமே வழிசெய்தன என்பதை இக்கதையைப் படிக்கும் நாம் மறத்தலாகாது.

கோழிக்கூடு கண்ணாடி வீடானது

1863 டிசம்பர். பிள்ளைகள் வளர்ந்து பிரிந்துவிட்டார்கள். கணவர் தோட்டங்களைப் பார்வையிட இலங்கைக்குப் போய்விட்டார். தனிமையில் வாடிய தாய்க்கு மகளும் மருமகனும் ஒரு பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று ஒரு கமராவைப் பரிசளித்தார்கள். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு.

அக்காலத்துக் கமரா இன்று நம் சட்டைப் பையிலுள்ள கைபேசியைப் போன்றதன்று. மரத்தாலான பெரும் பெட்டி. முன்னே பித்தளைக் குழலிற் பதித்த பிரெஞ்சு வில்லை. பின்னே ஏறக்குறைய பதினொரு அங்குலத்துக்கு ஒன்பது அங்குல அளவான கண்ணாடித் தட்டு. அந்தத் தட்டைப் படமெடுப்பவரே ஒவ்வொரு முறையும் ஆயத்தஞ் செய்யவேண்டும். 1851இல் பிறெடரிக் ஸ்கொட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தட்டு முறை அது. ஈதரிலும் மதுசாரத்திலும் கரைத்த பஞ்சுக் கூழைக் கண்ணாடிமேல் ஊற்றி, நான்கு மூலையும் சமமாகப் பரவும்படி சாய்த்துப் பிடிக்கவேண்டும். பின்பு இருட்டறையில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலிலே தோய்த்தால் அத்தட்டு ஒளியுணர்ச்சி பெறும். ஈரம் உலருமுன் கமராவிற் செலுத்திப் படமெடுத்து, உலருமுன்னரே இருட்டறைக்கு ஓடி உருத்துலக்க வேண்டும். பின்பு நிலைநிறுத்தி, கிணற்று நீரால் திரும்பத் திரும்பக் கழுவி, காயவைத்து, மெருகெண்ணெய் பூசவேண்டும். அதன் பின்பே முட்டை வெண்கரு பூசிய தாளில் சூரிய ஒளியாற் படி எடுக்கலாம். இவற்றுள் எந்த ஒரு படியிற் பிழைத்தாலும் முழு உழைப்பும் பாழாகும்.

இக்கலையில் ஒன்றும் அறியாத நிலையிலேதான் தாம் தொடங்கியதாக அம்மையார் 1874இல் எழுதிய நினைவுக் குறிப்பில் ஒளிக்காமற் சொல்கிறார். நிலக்கரி வைக்கும் கொட்டில் இருட்டறை ஆயிற்று. கண்ணாடி வேய்ந்த கோழிக்கூடு படமெடுக்கும் கூடமாயிற்று. கோழிகளுக்கு விடுதலை கிடைத்தது. அவை கறியாகவில்லை என்று நம்புவதாகவும் அவர் வேடிக்கையாகக் குறிக்கிறார். முதன்முதலாக ஊர் விவசாயி ஒருவரை, உட்கார்ந்திருந்த நேரத்துக்குக் கூலி கொடுத்து, படமெடுத்தார். அந்தத் தட்டிலே, இன்னும் காயாத பக்கத்தைத் தம் கையாலேயே தேய்த்து அழித்துவிட்டார். முதற்படம் அவ்வாறு மறைந்தது.

அவர் நின்றுவிடவில்லை. 1864 சனவரி 29ஆம் நாள் ஆனி பில்பொட் என்னும் சிறுமியைப் படமெடுத்தார். படம் வந்தது. மகிழ்ச்சி தாங்காமல் வீடெல்லாம் ஓடி, அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கப் பரிசு தேடினார். படத்தை ஆக்கியவர் தாமல்லர், அப்பிள்ளையே என்பது அவர் எண்ணம். அன்றைக்கே படியெடுத்துச் சட்டமிட்டுச் சிறுமியின் தந்தையாருக்கு அனுப்பினார். தமது முதல் வெற்றி அதுவே என்று அதன்மேல் எழுதிவைத்தார். பரிசு வந்தது டிசம்பரில். வெற்றி சனவரி முடிவில். இடைப்பட்ட வாரங்களிலே எத்தனை தட்டுகள் உடைந்தன, எத்தனை கறுத்தன என்பதை நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். வெள்ளி நைத்திரேற்றின் கறுப்புக் கறை அவர் விரல்களிலும் உடையிலும் மேசை விரிப்பிலும் நீங்காமற் படிந்திருந்தது.

தெளிவும் கலக்கமும்

புதிதாய்த் தொடங்குவோர் முதலிற் கேட்கும் கேள்வி, நல்ல கமரா எது என்பதே. அம்மையார் முதல் இரண்டாண்டுகளுக்கு மேலாகப் பரிசாக வந்த அந்த ஒரே கமராவைக்கொண்டே பழகினார். எதைப் படமெடுப்பது என்றும் அவர் தூரதேசத்தை நாடவில்லை. வீட்டுப் பணிப்பெண்கள் மேரி ஹிலியரும் மேரி றையனும், மருமக்களும், அயலார் பிள்ளைகளும், கடற்கரைக்கு வந்த விருந்தினரும் அவர் கமராவின் முன் அமர்ந்தார்கள். பணிப்பெண் மேரி ஹிலியர் எத்தனையோ படங்களிலே கன்னி மரியாளாகக் காட்சி தருகிறார். மேரி றையன், தாயுடன் பிச்சையெடுத்த நிலையில் அம்மையாரால் ஏற்கப்பட்ட அயர்லாந்துச் சிறுமி. அவருடைய படத்தைக் கண்காட்சியிற் கண்டு மனம் பறிகொடுத்த ஹென்றி கொட்டன் என்னும் இளைஞர் 1867இல் அவரை மணந்தார். வங்காளத்து ஆட்சிச் சேவையில் இருந்த அந்தக் கொட்டனே பின்னாளில், 1904இல், இந்தியத் தேசிய காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார்.

அம்மையாருடைய படங்களிலே கூர்மையான தெளிவு இல்லை. இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது கருவியின் இயல்பு. அவருடைய வில்லை அகன்ற வாயுடையது. முகத்தின் ஒரு தளத்தையே தெளிவாய்க் காட்டும். கண் தெளிந்தால் காது கலங்கும். அன்றியும் ஒரு படத்துக்கு மூன்று முதல் ஏழு நிமிடம் வரை ஒளி விழவேண்டியிருந்தது. உயிருள்ள மனிதர் அத்துணை நேரம் கல்லாக இருத்தல் இயலாது. மூச்சும் அசைவும் படத்திற் பதிந்தன. இரண்டாவது அவருடைய தெரிவு. வில்லையை முன்னும் பின்னும் திருப்பும்போது தம் கண்ணுக்கு அழகாகத் தோன்றும் இடம் வந்ததும் அங்கேயே நிறுத்திக்கொண்டார். கூர்மை வரும்வரை திருப்பும் வழக்கத்தை ஏற்கவில்லை. தொடக்கத்திலே தற்செயலாக நேர்ந்ததைப் பின்பு அறிந்தே கைக்கொண்டார்.

1864இல் இலண்டன் புகைப்படச் சங்கத்தில் உறுப்பினராகி, படங்களைக் கண்காட்சிக்கு அனுப்பினார். துறை வல்லுநர்கள் கடுமையாகத் தாக்கினார்கள். குவியம் தவறியது, தட்டிலே கீறலும் விரலடையாளமும் உள்ளன, இரசாயனக் கறை நீங்கவில்லை, தொழிலைக் கற்காத பெண்ணின் அலட்சியம் இது என்றெல்லாம் புகைப்படச் சஞ்சிகைகள் எழுதின. ஓவியர்களோ வேறுவிதமாகக் கண்டார்கள். ஜோர்ஜ் பிறெடரிக் வாட்ஸ் என்னும் பேரோவியர் அவரை ஊக்கினார். குறையைக் கண்டபோது கண்டிக்கவுந் தவறவில்லை. சவுத் கென்சிங்டன் நூதனசாலை, இன்று விக்டோரியா–அல்பேட் நூதனசாலை என வழங்குவது, 1865இல் அவருடைய படங்களை வாங்கிற்று. கமராவைத் தொட்டு இரண்டாண்டு நிறையாத ஒருவருக்கு இது கிடைத்தது. 1868இல் அந்நூதனசாலையிலேயே படமெடுக்க இரண்டு அறைகளும் அளிக்கப்பட்டன. பேர்லினில் 1865இல் வெண்கலப் பதக்கமும் 1866இல் தங்கப் பதக்கமும் பெற்றார்.

அம்மையார் எல்லா விமர்சனத்தையும் தள்ளிவிட்டார் என்று சிலர் எழுதுவர். அது முழு உண்மையன்று. 1869 அளவிலே தம் கண்ணாடித் தட்டுகள் பலவற்றின் மெருகிலே சிலந்திவலை போன்ற வெடிப்புகள் தோன்றக் கண்டபோது, தம்மை இகழ்ந்த அதே சங்கத்தினரிடம் சென்று காரணமும் பரிகாரமுங் கேட்டார். தொழில்நுட்பத்திலே கற்கவேண்டியதைக் கற்கத் தயங்கவில்லை. படம் எவ்வாறு தோன்றவேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. இவ்விரண்டையும் பிரித்தறிதல் எளிதன்று. பயில்வோருள் ஒரு சாரார் எல்லார் சொல்லையுங் கேட்டுத் தம் பார்வையை இழப்பர். மறுசாரார் எவர் சொல்லையுங் கேளாது தம் பிழையையே பாணி என்று பெயரிட்டுக்கொள்வர். நான் இளமையிலே முதற் சாராரைச் சேர்ந்தவனாயிருந்தேன்.

அவருடைய வளர்ச்சியைப் படங்களை வரிசையாய் வைத்து நோக்கினாற் காணலாம். 1866இல் பெரிய கமரா ஒன்றைப் பெற்றார். பதினைந்து அங்குலத்துக்குப் பன்னிரண்டு அங்குலத் தட்டு. முகத்தைக் கிட்டத்தட்ட உயிரளவிலே நிறைத்துக் காட்டத் தொடங்கினார். கூடத்தைத் திரையிட்டு இருளாக்கி, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் மட்டும் ஒளியை விட்டார். அமர்ந்தவரின் காலத்து உடையைக் கருந்துணியாற் போர்த்து மறைத்தார். எஞ்சியது முகமும் ஒளியுமே. 1867இல் எடுத்த ஹெர்ஷலின் படம் இவ்வழியின் சிகரம் எனலாம். தமக்கு இக்கலையை அறிமுகஞ் செய்த அம்முதியவரின் வெண்முடியைக் கழுவிக் கலைத்துவிட்டு, இருளிலிருந்து எழும் ஒளிவட்டம்போற் பதித்தார். அதே ஆண்டில் எடுத்த கார்லைலின் படமும், அடுத்த ஆண்டு எடுத்த டார்வினின் படமும், தெனிசனின் படங்களும், அப்பெரியோர்களை இன்றும் நம் மனக்கண்ணிலே நிறுத்துகின்றன. தங்கையின் மகளான ஜூலியா ஜாக்சனையும் பலமுறை எடுத்தார். அவரே நாவலாசிரியை வேர்ஜினியா வூல்பின் தாயார். 1926இல் வூல்பும் கலைவிமர்சகர் றொஜர் பிறையும் அம்மையாரின் படங்களை நூலாக வெளியிட்டார்கள். மறதியிலிருந்து அவரை மீட்ட முயற்சிகளுள் அது முதன்மையானது.

அவருடைய ஆக்கம் அனைத்துஞ் சிறந்தன என்று நான் கூறமாட்டேன். பிள்ளைகளின் முதுகில் பறவைச் சிறகு கட்டித் தேவதையாக்கியனவும், தெனிசனின் காப்பியக் கதைகளுக்கென 1874, 1875 ஆகிய ஆண்டுகளில் நாடகக் காட்சிபோல் அமைத்தனவும் இன்று பார்க்கையில் செயற்கையாய்த் தோன்றுவனவே. பன்னிரண்டு ஆண்டுகளுள் அவர் உருவாக்கிய படங்கள் ஏறக்குறைய 1,200. அவற்றுள் நிலைத்து நிற்பவை ஒரு பகுதியே. அந்தப் பகுதியை அடைவதற்கு ஏனையவை அனைத்தும் தேவைப்பட்டன.

மீண்டும் இலங்கைக்கு

கோப்பித் தோட்டங்களின் வருவாய் நம்பத்தக்கதாயில்லை. 1869இல் இலங்கையிலே முதன்முதற் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பிச் செய்கையை அரிக்கத் தொடங்கியிருந்தது. பணத்தட்டுப்பாடும், 1873இல் ஒரே மகளை இழந்த துயரும், இலங்கையிலிருந்த புதல்வர்களின் நினைவும், தம் தோட்டங்களுக்குத் திரும்ப விரும்பிய முதிய கணவரின் ஏக்கமும் ஒன்றுசேர, 1875 ஒக்டோபரில் கமறன் தம்பதிகள் கப்பலேறினார்கள். தமக்கெனச் சவப்பெட்டிகளையும் உடன் கொண்டுவந்தார்கள் என்று சொல்லப்படுகிறது.

இலங்கையிலே அவர் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியவை முப்பதுக்குங் குறைவு. வெப்பத்திலே ஈரத்தட்டு விரைந்து உலரும். இரசாயனப் பொருள்கள் கடல் கடந்து வரவேண்டும். முன்போற் படமெடுத்தல் எளிதாயில்லை. களுத்துறையில் 1877இல் தம்மைக் காணவந்த மரியான் நோர்த் என்னும் தாவர ஓவியரைப் படமெடுத்தார். ஏனைய படங்களில் உள்ளோர் பெரும்பாலும் இம்மண்ணின் மக்கள். தோட்டத்திலும் வீட்டிலும் உழைத்தவர்கள். அவர்களுள் தமிழர் பலர். களுத்துறைக் குடியானவர் மூவரைக் காட்டும் 1878ஆம் ஆண்டுப் படம் ஒன்றுண்டு. பெண்ணுக்கு வயது பன்னிரண்டு என்றும், முதியவர் தம்மை அவளுடைய தந்தை என்றும் தமக்கு நூறு வயது என்றும் சொல்கிறார் என்றும் அதன் குறிப்புக் கூறுகிறது. வயது உண்டு, உறவு உண்டு, பெயர் இல்லை.

இந்த இடத்திலே நான் நெடுநேரம் தயங்கி நின்றேன். பிறெஷ்வாட்டரின் பணிப்பெண்களை நாம் பெயரால் அறிவோம். மேரி ஹிலியர் யார், மேரி றையன் யாரை மணந்தார் என்பவற்றைக்கூட நூல்கள் சொல்கின்றன. ஆனால் டிம்போலா மாளிகைக்குச் சோறிட்ட மலைகளின் மக்கள், தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, வடக்கின் காட்டுவழியே கால்நடையாய் வந்து, வழியிலே நோயாலும் பசியாலும் பலரைப் பறிகொடுத்தவர்கள், இந்தப் படங்களில் இளம்பெண், குடியானவர் என்ற பொதுப் பெயரோடு நிற்கிறார்கள். அம்மையாரின் கண் அவர்களைக் கண்டது. அவர் கை அவர்களின் பெயரை எழுதவில்லை. இக்குறை அவருக்கு மட்டும் உரியதன்று. அக்காலத்து ஆட்சியாளர் அனைவர்க்கும் உரியது. ஆயினும் குறை குறையே. அவரைப் போற்றும் நான் இதை மறைத்தால், என் தாயாரையும் மறைத்தவனாவேன்.

1878இல் ஒருமுறை இங்கிலாந்து சென்று மீண்ட அம்மையார், 1879 சனவரி 26ஆம் நாள், டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கேண் தோட்டத்திலே உயிர்நீத்தார். பொகவந்தலாவைத் தேவாலய முற்றத்திலே அவரை அடக்கஞ் செய்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதத்தில் கணவரும் அவர் பக்கத்திலேயே துயில் கொண்டார்.

சென்ற ஆண்டு ஒரு காலைப் பொழுதில் அங்கே இறங்கினேன். மூடுபனி விலகாத நேரம். கல்லறையைப் படமெடுக்கவென்றே கமராவைக் கொண்டுபோயிருந்தேன். சுற்றிலும் தேயிலை, கீழே ஒற்றையடிப் பாதையிலே கொழுந்துச் சாக்கைத் தலையிலிருந்து தொங்கவிட்ட பெண்கள் நால்வர் மலைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். கல்லறையை ஒரு படம் எடுத்தேன். பின்பு அவர்களிடம் சென்று, அக்கா, ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டேன். முதியவர் ஒருவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, எங்களை எடுத்து என்ன ஐயா செய்யப்போகிறீர்கள் என்றார். கேள்வி நியாயமானது. படி எடுத்துக் கொண்டுவந்து தருவேன் என்றேன். நால்வரின் பெயரையும் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். இரண்டு வாரத்தின் பின் படங்களைக் கொடுத்தபோது அந்த முதியவர் தம் படத்தை நெடுநேரம் பார்த்தார், ஒன்றுஞ் சொல்லவில்லை, மாராப்பினுள் வைத்துக்கொண்டார்.

இன்று சனிக்கிழமைகளில் மாணவர் சிலர் என்னிடம் படமெடுக்கப் பழக வருகிறார்கள். அவர்களிடம் கைபேசி மட்டுமே உண்டு, அது போதும். அம்மையாரின் வாழ்விலிருந்து நான் அவர்களுக்குச் சொல்பவை நான்கே. கையிலுள்ள கருவியை அதன் எல்லை காணும்வரை பயன்படுத்துங்கள். வீட்டிலுள்ள முகங்களிலிருந்து தொடங்குங்கள். ஒளி எங்கிருந்து வருகிறது என்று பார்த்த பின்பே ஆளைப் பாருங்கள். கெட்டுப்போன படத்தை உடனே அழிக்காதீர்கள். ஏன் கெட்டது என்று தெரிந்துகொள்ளும்வரை வைத்திருங்கள். ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கிறேன்; அதை அம்மையார் செய்யத் தவறியதிலிருந்து கற்றேன். படமெடுத்தவரின் பெயரைக் கேட்டு எழுதிவையுங்கள்.

பொகவந்தலாவையிலிருந்து திரும்பிய இரவு, பழைய புத்தகத்தைத் தேடி அம்மாவின் படத்தை எடுத்தேன். கலங்கியிருப்பது முகத்தின் ஒரு பக்கம்தான். தலை திரும்பிய அசைவிலே வாய் ஏதோ கேட்கத் திறக்கிறது. சாப்பிட்டாயா என்றுதான் கேட்டிருப்பார். வேறெதையும் அவர் அந்த வேளையிற் கேட்டதில்லை. கடைக்காரர் சொன்னது அவர் தொழிலுக்குப் பொருத்தமானதே. நான்தான் அந்தப் படத்தைப் பார்க்கக் கற்றிருக்கவில்லை.

பின்புறம் வெறுமையாக இருந்தது. பென்சிலை எடுத்து அம்மாவின் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், ஆண்டையும் எழுதினேன்.